கூழ்ப்பானையைச் சுற்றி யார் இருந்தார்கள்?

ஆடி, ஆவணி வந்தால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு கூழ் கட்டாயம் காய்ச்சப்படும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்திருப்பினம். பள்ளிக்கூடங்களும் லீவு. வீட்டுக்குள்ளே வெக்கையில் இருக்க ஏலாது. "சோறு கறியெண்டு மினைக்கெடாமல் ஒரு கூழைக் காய்ச்சுவம்" எண்டு யாராவது தொடங்குவினம். மாமரத்துக்குக் கீழே மூண்டு கல்லு வைத்து, கிடாரத்தை ஏற்றி, சுற்றிவர எல்லாரும் இருந்துவிட்டால் அந்தப் பின்னேரம் முடிஞ்சுது. கோப்பை கழுவுகிற வேலையும் இல்லை. பிறகு அந்தப் படங்கள் 'எங்கட பாரம்பரியம்' என்ற ஒரு வரியோடு எல்லாருடைய போனிலும் ஓடித் திரியும்.

படத்தில் பிழையில்லை. எனக்குக் கேள்வி அந்த வரியில்தான். பாரம்பரியம் எண்டால் எவ்வளவு பழசு? 'எங்கட' எண்டால் ஆருடைய? குடும்பமாக வெளியில் கூடிச் சாப்பிடுவதற்கு இலகுவான சாப்பாடு என்று நாங்கள் சொல்லும் கூழுக்குள் மூன்று வரலாறுகள் கிடக்கின்றன. ஒன்று வெயிலின் வரலாறு. இரண்டாவது பஞ்சத்தின் வரலாறு. மூன்றாவது, வீட்டுக்கு வெளியே, முற்றத்தில் யார் ஏன் இருந்து சாப்பிட்டார்கள் என்ற வரலாறு. மூன்றாவதைத்தான் நாங்கள் குறைவாகப் பேசுகிறோம்.

முதலில் வெயில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான வாடைக்காலத்தில் பெய்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு கிணறுதான் கதி. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். பிறகு சோழகம் பிடிக்கும். நிலம் காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களுக்காக எங்கட ஆட்கள் கண்டுபிடித்த வழி, வெயிலையே வைத்துச் சாப்பாட்டைச் சேமிப்பது. கருவாடு, மோர்மிளகாய், வற்றல், பினாட்டு எல்லாம் அந்த வகைதான். ஒடியலும் அப்படித்தான்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். அந்த விதைகளைப் பொறுக்கி மாரிக்கு முதல் பாத்தி போடுவினம். மழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் கிழங்கு கிண்டுவினம். அவிக்காமல் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி வைத்துக்கொண்டால், வயலில் ஒன்றுமில்லாத மாதங்களுக்கு அது காணும். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல் அடுப்புக்கு. பனையோலையில் கோலினால் பிளா. மாவும் விறகும் குடிக்கிற ஏனமும் ஒரே மரத்திலிருந்து வருகின்றன. வசதியில்லாத ஒரு வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு போட இதைவிடத் திட்டமான வழி இருந்திருக்காது.

"இந்த வெயிலுக்குள்ள சுடச்சுட, உறைப்பாக ஒண்டைக் குடிக்கிறதோ?" எண்டு கொழும்பிலிருந்து வருகிற நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூடும் உறைப்பும் உடம்பை வியர்க்க வைக்கும். வியர்வை காற்றில் காய்ந்தால் உடம்பு குளிரும். காற்றோட்டம் இல்லாத அறைக்குள் இது நடக்காது. வேர்த்து ஒழுகும், அவ்வளவுதான். மரநிழலில், சோழகம் வீசுகிற பின்னேரத்தில் கூழ் குடித்தால் பத்து நிமிசத்தில் உடம்பு லேசாகிவிடும். ஆகவே வெளியில் இருந்து குடிப்பது வெறும் சந்தோசத்துக்காக மட்டுமில்லை. இந்தச் சாப்பாட்டுக்கு வெளிக்காற்றும் வேணும்.

இதோடு ஆடிக்கூழைக் குழப்ப வேண்டாம். அது வேற. அரிசிமா, பயறு, தேங்காய், பனங்கட்டி போட்டு ஆடிப்பிறப்பன்று காய்ச்சுகிற இனிப்புக் கூழ். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். நான் இங்கே எழுதுவது மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழைப் பற்றி. அதற்கு அப்படியொரு புகழ்பெற்ற பாட்டு இல்லை.

சரி, இது எவ்வளவு பழசு?

இண்டைக்கு நாங்கள் காய்ச்சுகிற கூழுக்குள் கையை விட்டுப் பார்த்தாலே பதில் கிடைக்கும். ஊறவைத்துக் கைப்பு நீக்கிய ஒடியல்மா, ஒரு பிடி புழுங்கலரிசி, பிலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை, மரவள்ளி, மீன், நண்டு, இறால், பழப்புளி, அரைத்த செத்தல்மிளகாய். இதில் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். போர்த்துக்கேயர் ஆசியாவுக்கு வந்த பிறகுதான் எங்கட அம்மிக்கு வந்தது. அதற்கு முதல் உறைப்பு எண்டால் மிளகு. 'மிளகாய்' என்ற பெயருக்குள்ளேயே அந்தப் பழைய மிளகு இருக்கிறது. மரவள்ளியும் அதே கண்டத்திலிருந்துதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒல்லாந்தர் காலத்தில் அது இலங்கைக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல். சங்கிலி மன்னன் காலத்துக்கு முதல் யாராவது ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாலும், அது இந்தச் சிவப்பு நிறத்தில், இந்தத் தடிப்பில் இருந்திருக்காது.

இதைச் சொல்வது கூழைக் குறைத்து மதிப்பிட இல்லை. தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்தது என்று நாங்கள் நினைக்கிற ஒரு சாப்பாடு, கிடைத்ததை எல்லாம் உள்வாங்கி வந்திருக்கிறது. கூழுக்கு நிரந்தரமான செய்முறை ஒன்று இல்லை. ஒரு ஒழுங்கு மட்டும் இருக்கிறது: அரிசி குறைவு, ஆட்கள் கூட, ஒரே சட்டி.

அரிசி ஏன் குறைவு என்ற கேள்வியோடு இரண்டாவது வரலாறு தொடங்குகிறது.

இலங்கை பிரித்தானியர் காலத்தில் தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து இறக்கியது. அதில் பர்மாவின் பங்கு பெரிது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. அந்த வருசமே அரிசிக்குப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணம் மட்டுமில்லை, முழு நாடும் சோற்றுக்கு மாற்றுத் தேடிய காலம் அது. கிழங்கும் ஒடியலும் அப்போது விருந்துச் சாப்பாடாக இருந்திருக்காது.

அடுத்தது 1970களின் முதற்பாதி. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியது. பாணுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு, அரிசிப் பங்கீடு குறைப்பு. அந்தக் காலத்தில் மரவள்ளி சாப்பிடாத வீடு இலங்கையில் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதே இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல்மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர் சிலர் கல்வீடு கட்டினார்கள். ஒரே கூழில், மரவள்ளி போட்டவருக்கு அது பஞ்சகாலம். மிளகாய் விற்றவருக்கு அது நல்ல காலம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதை எங்கட அம்மா அப்பாமாரிடமே கேட்கலாம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, பற்றி இல்லை, சவர்க்காரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். பிறகு 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாடு கப்பலை நம்பி இருந்தது. இந்த இரண்டு காலத்திலும் பனைதான் பலருக்குக் கைகொடுத்தது. அதே யுத்தம்தான் பனையை அழித்ததும். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தில் இன்றும் பல ஊர்களில் வெறும் வெட்டைதான். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. அதற்குப் பிறகு வந்த முப்பது வருசமும் பனைக்கு நல்ல காலமாக இருக்கவில்லை.

ஆக, நாங்கள் லீவு நாளில் ஆசைக்குக் காய்ச்சுகிற கூழை முந்தின தலைமுறை வேற வழியில்லாமல் காய்ச்சியது. சில வயசானவர்கள் "கூழோ, எனக்கு வேண்டாம் மேனை" எண்டு ஒதுங்கினால், அது பல்லில்லாததால் மட்டும் எண்டு நினைக்காதேங்கோ.

இனி மூன்றாவது வரலாறு: முற்றம்.

கொழும்பில் 1850இல் வில்லியம் ஃபெர்குசன் பனைமரத்தைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். 1859இல் வந்த எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூல், பனைக்கு 801 பயன்களைச் சொல்லும் 'தாலவிலாசம்' என்ற தமிழ்ப் பாடலைக் குறிப்பிடுகிறது. இன்றும் பனையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த 801ஐ விடமாட்டார்கள். பயன்களின் பட்டியல் சரி. அந்தப் பயன்களை மரத்திலிருந்து இறக்கியவர்களும், மண்ணிலிருந்து கிண்டியவர்களும் யாருடைய வீட்டில், எந்த இடத்தில், எந்த ஏனத்தில் சாப்பிட்டார்கள் என்பதுதான் அந்தப் பட்டியலில் இல்லாத விசயம்.

வெளியில் இருந்து சாப்பிடுவது எங்களுக்கு ஒரு சந்தோசம். ஏனெண்டால் உள்ளே போகவும் எங்களுக்கு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மக்களுக்கு வெளி மட்டும்தான் தரப்பட்டது. வேலை செய்த வீட்டின் முற்றத்தில், நிலத்தில் இருந்து, பிளாவிலோ சிரட்டையிலோ வாங்கிச் சாப்பிட வேண்டும். ஏனம் பிளாவாக இருந்ததற்குக் காரணம் இயற்கை நேசம் இல்லை. அவர்கள் தொட்ட கோப்பையை வீட்டுக்காரர் திரும்பப் பாவிக்கக் கூடாது எண்டதுதான். தேநீர்க்கடைகளிலும் அவர்களுக்குப் போத்தலும் தகரப் பேணியும்தான். ஆக, அதே முற்றம், அதே பிளா ஒருவருக்குப் பொழுதுபோக்காகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருந்திருக்கிறது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களை வாசித்தவர்களுக்கு இது புதிசில்லை. ஆனால் கூழைப் பற்றி எழுதும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

இதை மாற்ற முயன்றவர்களில் எங்கட வயசுக்காரரும் இருந்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸாக மாறிய இயக்கத்தை நாங்கள் பெரும்பாலும் 1931 தேர்தல் பகிஷ்கரிப்புக்காகத்தான் படிக்கிறோம். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் அவர்களின் அழைப்பில்தான். ஆனால் அவர்கள் கையில் எடுத்த இன்னொரு விசயம் சமபந்தி போசனம்: எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவது. இன்று வாசிக்கும்போது இது சின்ன விசயமாகத் தெரியும். ஒரே வரிசையில் இலை போடுகிறது என்ன பெரிய புரட்சியோ எண்டு தோன்றும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் எண்டு சொன்னதற்கே பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அப்படியிருந்த ஊரில் ஒரே பந்தியில் சாப்பிடுவதற்குத் துணிவு வேணும்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் கடைக்காரர் கோப்பையை எடுத்து நீட்டிவிடவில்லை. 1960களின் இரண்டாம் பாதியில் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போவதற்கு மக்கள் போராட வேண்டி இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்தது அந்த வரலாற்றின் ஒரு பகுதி. ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கண்ணாடிக் கிளாசில் குடிக்கிற உரிமைக்காக ஆட்கள் அடிவாங்கியது எங்கட தாத்தாமாரின் காலத்தில்தான்.

முற்றத்தில் இல்லாமல் போனவர்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். வெளியேறச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நேரம், யாழ்ப்பாண நகரில், சில மணித்தியாலங்கள்தான். பக்கத்து வீட்டிலிருந்து சட்டி மாறி வந்துகொண்டிருந்த உறவு ஒரே நாளில் அறுந்தது. 'எங்கட ஊர்ச் சாப்பாடு' பற்றிய எங்கட ஞாபகத்தில் அந்த வீடுகள் எத்தனை தரம் வருகின்றன எண்டு யோசித்துப் பாருங்கோ.

வெளியில் ஒரு பெரிய சட்டியைச் சுற்றி மக்கள் கூடுவதற்கு எங்களிடம் இன்னொரு பொருளும் இருக்கிறது. 2009இல் வன்னியில், வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதங்களில், தறப்பாளுக்குக் கீழே இருந்த மக்களுக்குக் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. உணவுக்காக வரிசையில் நின்றவர்கள் மீதும் ஷெல் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியான அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி தெருவோரங்களில் காய்ச்சி வழங்கப்படுகிறது. 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி வழங்கியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். கூழுக்கு யாரும் கைது செய்வதில்லை. கஞ்சிக்குச் செய்திருக்கிறார்கள். இரண்டுமே வெளியில் சட்டி வைத்து, ஊரைக் கூப்பிட்டு, ஒரே அகப்பையால் வார்க்கிற சாப்பாடுதான். ஆட்கள் ஏன் கூடுகிறார்கள் எண்டதைப் பொறுத்து ஒன்று சுற்றுலாப் படமாகிறது, மற்றது குற்றமாகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு 'கூழ் காய்ச்சாதேங்கோ' எண்டு முடிக்கப் போவதில்லை. காய்ச்சுங்கோ. இந்த லீவுக்கே காய்ச்சுங்கோ. ஆனால் மேலே சொன்னதை வைத்துக்கொண்டு கொஞ்சம் வேற மாதிரித் திட்டம் போடலாம்.

முதலாவது வேலை. கூழ் இலகு எண்டு சொல்வது வழக்கமாகக் குடிக்கிறவர்தான். விடியச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, நண்டு உடைத்து, இறால் உரித்து, பிலாக்கொட்டையின் தோலைச் சுரண்டி, மாவை ஊறவைத்துத் தெளித்து, செத்தல்மிளகாய் அரைத்துக் கொடுக்கிறவருக்கு அது முழுநாள் வேலை. அநேகமாக அம்மா, பெரியம்மா, மாமிதான். பொடியள் கடைசியில் வந்து கிடாரத்தைக் கிண்டிவிட்டு "கூழ் நாங்கள் காய்ச்சினது" எண்டு சொல்லுவினம். இதில் இருக்கிற நல்ல விசயம், கூழ் வேலை பிரித்துச் செய்யத் தோதான வேலை. பத்துப் பேர் வட்டமாக இருந்தால் ஆளுக்கொரு சாமான். முதல்நாளே பட்டியல் போட்டு, யார் எதைச் செய்கிறது எண்டு பெயர் எழுதிவிடுங்கோ. கழுவித் துடைக்கிற வேலையையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது நேரம். மதியத்துக்கு வேண்டாம். நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் வெயில் தணியக் கூழ் இறக்கலாம். மீன் சாமான்களை அதுவரைக்கும் ஐசில் வையுங்கோ. இந்த வெக்கையில் நண்டு சும்மா கிடந்தால் பழுதாகிவிடும். ஒடியல்மாவை நல்லாத் தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை ஊற்றிப் போட்டுத்தான் கரைக்க வேண்டும். பழைய ஆட்கள் சொன்ன இந்த ஒழுங்கில் ஆசைக்குக்கூடக் குறுக்குவழி பார்க்க வேண்டாம். மரக்கறிக்காரர் இருந்தால் மீன் போட முதல் அவர்களுக்கு ஒரு சட்டி பிரித்து எடுத்துவிடலாம்.

மூன்றாவது ஏனம். பிளாஸ்டிக் கப் வேண்டாம், பிலாவிலையோ பிளாவோ எடுப்போம் எண்டு சொல்லுங்கோ, நல்லது. ஆனால் எல்லாருக்கும் அதையே கொடுங்கோ. வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கோப்பை, கிடாரம் தூக்கி வந்தவருக்குப் பிளா எண்டு இன்றும் நடக்கிற வீடுகள் இருக்கின்றன.

நாலாவது ஆட்கள். குடும்பக் கூழ் எண்டால் குடும்பம் மட்டும்தானா? பனங்கிழங்கு விற்ற அம்மா, மீன் கொண்டுவந்த அண்ணை, விறகு கொத்தித் தந்த ஐயா எல்லாருக்கும் ஒரு பிளா கொடுத்து அனுப்புவது ஊர் வழக்கம். கொடுத்து அனுப்பாமல், வட்டத்துக்குள்ளே இடம் விட்டு இருக்கச் சொல்லுங்கோ. வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் அந்தக் கதையையும் அங்கேயே கதையுங்கோ. இளைஞர் காங்கிரஸ் தொடங்கி நூறு வருசம் கடந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. கூழ் குடிக்கேக்க உங்கட அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கோ: "உங்கட காலத்தில கூழுக்குள்ள என்ன போட்டனீங்கள், ஆர் ஆர் வந்து இருந்தவை, ஆர் எங்க இருந்தவை?" முதலாவதுக்குப் பதில் உடனே வரும். இரண்டாவதுக்குச் சிரிப்பு வரும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டிவரும். அவசரப்படுத்தாமல் இன்னொரு பிளா வார்த்துக் கொடுத்துவிட்டு இருந்து கேளுங்கோ.